க்ளோ த வூஜோ: மதில் சூழ்ந்த திராட்சைத் தோட்டத்துக்குச் செல்லும் சேலத்தாருக்கு ஒரு வழிகாட்டி

பிரான்சின் பர்கண்டி பகுதியில், டிஜோன் நகருக்குத் தெற்கே சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில், வூஜோ என்னும் சிற்றூரை ஒட்டிக் கல் மதில் சூழ்ந்த திராட்சைத் தோட்டம் ஒன்று இருக்கிறது. அதன் பரப்பு ஏறத்தாழ 50 ஹெக்டேர். நம் கணக்கில் சுமார் 125 ஏக்கர். க்ளோ த வூஜோ என்று அழைக்கப்படும் இத்தோட்டத்தைச் சித்தோ என்னும் கத்தோலிக்க மடத்தின் துறவிகள் 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து, தானமாகவும் விலைக்கும் பெற்ற துண்டு நிலங்களை ஒன்றோடொன்று சேர்த்து உருவாக்கினார்கள். 1336ஆம் ஆண்டளவில் அதைச் சுற்றி மதில் எழுப்பி முடித்தார்கள். பிரெஞ்சுப் புரட்சியின்போது அரசு மடத்துச் சொத்துகளைப் பறிமுதல் செய்யும் வரை அது அவர்கள் கையிலேயே இருந்தது.

சேலத்திலிருந்தும் ஏற்காட்டிலிருந்தும் ஐரோப்பா செல்பவர்களில் பெரும்பாலோர் பாரிஸ், சுவிட்சர்லாந்து, ரோம் என்று சுற்றிவிட்டு ஊர் திரும்புகிறார்கள். பாரிஸிலிருந்து காலையில் புறப்பட்டு இரவுக்குள் திரும்பிவிடக்கூடிய தொலைவில் இருந்தும் இந்தத் தோட்டம் நம்மவர்களின் பயணத் திட்டத்தில் இடம்பெறுவதில்லை. ஒயின் அருந்துபவர்களுக்கு மட்டுமே உரிய இடம் என்ற எண்ணம் அதற்கு ஒரு காரணம். அந்த எண்ணம் சரியானதல்ல. ஒரே சரிவில், ஒரே மதிலுக்குள், ஒரே வகைக் கொடியை வைத்துக்கொண்டு, மண் மாறினால் விளைச்சல் எவ்வாறு மாறுகிறது என்பதைத் துறவிகள் தலைமுறை தலைமுறையாகக் கவனித்த இடம் அது. காப்பியும் மிளகும் பயிரிடும் சேர்வராயன் மலைக்காரர்களுக்கு அங்கே பார்ப்பதற்கு நிறைய இருக்கிறது. ஆகவே மதிலையும் மண்ணையும் முதலில் பாருங்கள், தோட்டத்துக்குள் இருக்கும் பழைய மாளிகையை அடுத்துப் பாருங்கள், ஒயின் புட்டியைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள் என்பதே இந்த வழிகாட்டியின் அடிப்படை.

புறப்படுவதற்கு முன் ஏற்காட்டில் ஒரு காலை

பயணத்துக்கு முன்னால் கண்ணைப் பழக்கிக்கொள்வது நல்லது. அதற்குச் சேர்வராயன் மலையைவிடப் பொருத்தமான இடம் நமக்கு அருகில் இல்லை. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் காலத்தில் இங்கே காப்பி அறிமுகமாயிற்று. அன்று முதல் மலையின் வெவ்வேறு முகங்களில் காப்பி வளர்ந்து வருகிறது. டிசம்பர் அல்லது ஜனவரியில், பழம் பறிக்கும் பருவத்தில், தெரிந்தவர் ஒருவரின் எஸ்டேட்டுக்கு அனுமதி பெற்றுச் சென்று, மேல் எல்லையிலிருந்து கீழே ஓடை வரை மெதுவாக இறங்கி வாருங்கள். மேலே பழம் எந்த அளவுக்குச் சிவந்திருக்கிறது, கீழே எந்த அளவுக்கு என்று பாருங்கள். எந்த இடத்தில் கால் புதைகிறது, எந்த இடத்தில் பாறை தட்டுகிறது, சில்வர் ஓக் நிழல் எங்கே அடர்த்தியாக இருக்கிறது, காலை வெயில் எந்தச் செடி மீது முதலில் விழுகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். எஸ்டேட்டில் நெடுங்காலம் வேலை செய்த மேஸ்திரி ஒருவர் உடன் வந்தால், எந்தத் துண்டு எப்போதும் முன்னதாகப் பழுக்கும், எந்தத் துண்டில் காய் சிறுத்துப் போகும் என்று அவர் பார்த்தவுடனே சொல்வார். பர்கண்டியில் துறவிகள் சேர்த்து வைத்ததும் இத்தகைய அறிவைத்தான். அவர்கள் அதை எல்லைகளாகவும் பெயர்களாகவும் நிலத்தின் மீதே எழுதி வைத்தார்கள்.

வேறுபாடுகளையும் முன்கூட்டியே அறிந்து செல்ல வேண்டும். ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. க்ளோ த வூஜோவோ கடல் மட்டத்திலிருந்து சுமார் 240 மீட்டர் உயரத்தில், மலை என்று சொல்ல முடியாத ஒரு மென்மையான சரிவில் கிடக்கிறது. நம் மலையில் சார்னோக்கைட் பாறையும், பாக்சைட் கலந்த சிவந்த மண்ணும் உண்டு. அங்கே அடியில் இருப்பது சுண்ணாம்புப் பாறை. கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர்த் திராட்சையைப் பார்த்தவர்கள், தலைக்கு மேல் பந்தலும் அதிலிருந்து தொங்கும் குலைகளும் இருக்கும் என்று எதிர்பார்த்துச் செல்லக் கூடாது. பர்கண்டியில் கொடிகளைக் கம்பி கட்டி, இடுப்பளவு உயரத்திலேயே வெட்டி அடக்கி, ஹெக்டேருக்கு ஏறத்தாழ 10,000 கொடிகள் என்ற நெருக்கத்தில் வளர்க்கிறார்கள். குலைகள் முழங்கால் உயரத்தில், இலைகளுக்கு அடியில் மறைந்திருக்கும். பினோ நுவார் என்னும் கருந்திராட்சை வகைதான் இங்கே பயிர். குலை சிறியது, பழமும் சிறியது. தண்ணீர் பாய்ச்சுவது கிடையாது. ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு தோட்டத்தில் அறுவடை நடக்கும் கம்பத்தைப் போலன்றி, இங்கே ஆண்டுக்கு ஒரே ஓர் அறுவடைதான்.

எந்த மாதத்தில் செல்வது

குளிர்காலத்தில் கொடிகள் இலையுதிர்ந்து வெறும் கட்டைகளாக நிற்கும். கவாத்து செய்பவர்கள் வெட்டிய குச்சிகளை ஆங்காங்கே எரித்துக்கொண்டிருப்பார்கள். ஏப்ரலில் துளிர் வரும். அந்த நேரத்தில் இரவுப் பனி உறைந்தால் துளிர் கருகிவிடும் என்பதால், தோட்டக்காரர்களுக்கு அது கவலை மிகுந்த மாதம். மே இறுதியிலிருந்து ஜூனுக்குள் கொடி பூக்கும். பூத்ததிலிருந்து ஏறத்தாழ 100 நாள்களில் அறுவடை என்பது அங்குள்ளவர்களின் பழைய கணக்கு. அதன்படி பெரும்பாலும் செப்டம்பரில் அறுவடை நடக்கும். வெப்பம் மிகுந்த ஆண்டுகளில் ஆகஸ்ட் இறுதியிலேயே தொடங்கிவிடுவதும் உண்டு.

நம் பள்ளி விடுமுறையை ஒட்டிச் செல்பவர்களுக்கு மே மாதத்தின் பிற்பாதி நல்ல காலம்: கொடி பச்சை பிடித்திருக்கும், பகல் நீளமாக இருக்கும், ஒரு மெல்லிய கம்பளி மேலாடை போதும். அறுவடையைக் காண வேண்டும் என்ற ஆசையில் செப்டம்பரைத் தேர்ந்தெடுப்பவர்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். அந்த வாரங்களில் தோட்ட உரிமையாளர்கள் இரவு பகலாக வேலையில் இருப்பார்கள். அப்போது அவர்கள் பார்வையாளர்களை வரவேற்பது அரிது. சாலையில் நின்று பறிப்பவர்களைப் பார்க்கலாம், அவ்வளவுதான். என் தேர்வு அக்டோபரின் முதல் இரு வாரங்கள். அறுவடை முடிந்து மனிதர்கள் சற்று இளைப்பாறியிருப்பார்கள். இலைகள் மஞ்சளாக மாறத் தொடங்கியிருக்கும். அறைகளும் எளிதாகக் கிடைக்கும். நவம்பர் மூன்றாம் ஞாயிற்றுக்கிழமையை ஒட்டிய நாள்களைத் தவிர்த்துவிடுங்கள். பக்கத்து ஊரான போனில் புகழ்பெற்ற ஒயின் ஏலம் அன்று நடைபெறுவதால், சுற்றுவட்டாரத்தில் தங்க இடம் கிடைப்பது கடினம்.

விசாவும் வழியும்

பிரான்சுக்கு ஷெங்கன் விசா தேவை. பயண நாளுக்கு ஆறு மாதங்களுக்கு முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். 15 நாள்களுக்குக் குறைவாக இருந்தால் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். கோடை விடுமுறையில் செல்பவர்கள் பொங்கல் முடிந்ததும் வேலையைத் தொடங்கிவிட வேண்டும், ஏனெனில் மார்ச், ஏப்ரல் மாதங்களில் நேரம் ஒதுக்கி வாங்குவதே பெரும்பாடாகிவிடும். விரல் ரேகை பதிவுக்கு நேரில் செல்ல வேண்டும்; சேலத்தாருக்குச் சென்னை மையம், பெங்களூரு மையம் இரண்டுமே வசதியானவை. குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்கும் பயணக் காப்பீடு, திரும்பும் பயணச்சீட்டு, தங்குமிட முன்பதிவு, வங்கிக் கணக்கு விவரம், வேலையில் இருப்பவர்களுக்கு விடுப்புக் கடிதம் ஆகியவை அடிப்படைத் தேவைகள். வேளாண் வருமானத்தில் வாழ்பவர்கள் வருமான வரிக் கணக்கோடு நில ஆவணங்களின் நகலையும், அவற்றின் ஆங்கில மொழிபெயர்ப்பையும் இணைத்துவிடுவது நல்லது.

பெங்களூரிலிருந்து பாரிஸுக்கு நேரடி விமானம் உண்டு. சேலத்திலிருந்து தருமபுரி, கிருஷ்ணகிரி வழியாக ஓசூர் வரை சாலை தடையின்றி ஓடும்; அந்த வேகத்தை நம்பி நேரம் கணக்கிட்டுவிடாதீர்கள். விமான நிலையம் தேவனஹள்ளியில், நகரத்தின் மறுமுனையில் இருக்கிறது. ஓசூரிலிருந்து அங்கே போய்ச் சேர்வதற்குச் சில வேளைகளில் சேலத்திலிருந்து ஓசூருக்கு வந்த அளவு நேரம் பிடிக்கும்.

பாரிஸில் கார் த லியோன் என்னும் ரயில் நிலையத்திலிருந்து டிஜோனுக்கு அதிவேக ரயிலில் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். டிஜோனிலிருந்து போன் செல்லும் வட்டார ரயில்களில் சில, வூஜோ – ஜில்லி லெ சித்தோ என்னும் சிறு நிலையத்தில் நிற்கும்; அங்கிருந்து மதில் வரை நடந்தே செல்லலாம். எல்லா ரயில்களும் அங்கே நிற்பதில்லை என்பதால், திரும்பும் ரயிலின் நேரத்தைக் காலையிலேயே குறித்துக்கொள்வது அவசியம். டிஜோனையும் போனையும் இணைக்கும் பேருந்தும் வூஜோ வழியாகச் செல்கிறது. ஞாயிறன்று சேவை மிகக் குறைவு. வாடகைக் காரில் செல்பவர்கள் சாலையின் வலப்பக்கம் ஓட்டும் பழக்கத்தோடு, இரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் ஆல்கஹால் என்ற சட்ட வரம்பையும் மனத்தில் வைக்க வேண்டும். சுவைக்கும் எண்ணம் இருந்தால் காரை எடுக்காதீர்கள் என்பதே என் உறுதியான அறிவுரை.

மதிலை ஒட்டி நடப்பது

பேருந்திலும் காரிலும் வருபவர்களில் பலர் நேராக மாளிகை வாசலில் இறங்கி, உள்ளே சென்று, ஒரு மணி நேரத்தில் வெளியேறிவிடுகிறார்கள். அவ்வாறு வருபவர் கட்டடத்தைப் பார்க்கிறார், தோட்டத்தைப் பார்ப்பதில்லை. நீங்கள் கீழிருந்து தொடங்குங்கள். தோட்டத்தின் கிழக்கு எல்லையில் டிஜோனிலிருந்து போன் நோக்கிச் செல்லும் பெருஞ்சாலை ஓடுகிறது; கீழ் மதில் அந்தச் சாலையை ஒட்டியே நிற்கிறது. அங்கே மதிலை ஒட்டி நின்று மேற்கே பார்த்தால், கொடி வரிசைகள் மெதுவாக மேலேறிச் செல்வதும், மேல்முனைக்கு அருகில் மாளிகையின் சாய்ந்த பெரிய கூரைகளும், அதற்கும் அப்பால் மேட்டின் உச்சியில் காடும் ஒரே பார்வையில் தெரியும். கீழ்முனைக்கும் மேல்முனைக்கும் உள்ள உயர வேறுபாடு சுமார் 20 மீட்டர்தான். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி ஏற்காட்டை அடையும் நமக்கு இதைச் சரிவு என்று ஒப்புக்கொள்ளவே மனம் வராது. ஆயினும் இந்தச் சிறிய வேறுபாட்டுக்குள்தான் எல்லாமே அடங்கியிருக்கிறது.

கீழ்ப்பகுதியில் மண் ஆழமானது, களிமண் மிகுந்தது, மழை பெய்தால் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். காலப்போக்கில் பெருஞ்சாலையின் மட்டம் உயர்ந்துவிட்டதால் நீர் வடிவது மேலும் கடினமாயிற்று என்று இப்பகுதியைப் பற்றிப் பலரும் சொல்வதுண்டு. நடுப்பகுதியில் களிமண்ணோடு சுண்ணாம்புச் சரளை கலந்திருக்கும். மேலே, மாளிகையை நெருங்க நெருங்க, மண் மெலிந்து, சரளை பெருகி, பாறை மேலெழும்பி வரும். பெய்யும் மழை விரைவில் வடிந்துவிடும். கொடி வேரைப் பாறை இடுக்குகளுக்குள் செலுத்தியாக வேண்டும். மழைக்குப் பிறகு ஒரு நாள் சென்றால், சாலையோரமாக நடக்கும்போதே இதைக் கண்ணால் காணலாம்: கீழே மண் காலணியில் அப்பிக்கொள்ளும், மேலே உதிர்ந்துவிடும். வறட்சியான ஆண்டுகளில் கீழ்ப்பகுதி தன் ஈரத்தால் பிழைத்துக்கொள்ளும், மழை மிகுந்த ஆண்டுகளில் மேல்பகுதி தன் வடிகாலால் காப்பாற்றப்படும் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். மேலே இருப்பதெல்லாம் உயர்ந்தது, கீழே இருப்பதெல்லாம் தாழ்ந்தது என்று முடிவுகட்டிவிடுவது தவறாகும்.

துறவிகள் மேல்பகுதி ஒயினைப் போப்பாண்டவருக்கும், நடுப்பகுதி ஒயினை மன்னருக்கோ ஆயருக்கோ, கீழ்ப்பகுதி ஒயினைத் தங்களுக்கும் என ஒதுக்கினார்கள் என்று ஒரு கதை வழங்குகிறது. அதற்கு ஆவணச் சான்று கிடையாது. மூன்று பகுதிகளின் விளைச்சலையும் கலந்து சமநிலையான ஒயின் ஒன்றை அவர்கள் தயாரித்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று கருதுபவர்களும் உண்டு. எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது, ஏனெனில் முழுத் தோட்டமும் ஒரே உரிமையில் இருக்கும்போது குறையை ஒரு துண்டிலும் நிறைவை இன்னொரு துண்டிலும் கண்டு ஈடுசெய்வது விவசாயிக்கு இயல்பான செயல்.

அந்த ஒரே உரிமை 1889இல் முடிவுக்கு வந்தது. புரட்சிக்குப் பின் தேசியச் சொத்தாக விற்கப்பட்ட தோட்டம் கைமாறிக் கைமாறி, 1818இல் ஊவ்ரார் குடும்பத்திடம் வந்து சேர்ந்தது. 1889இல் அது பல பங்காளர்களுக்கு விற்கப்பட்டது. பிறகு பாகப்பிரிவினையாலும் விற்பனையாலும் துண்டுகள் பெருகி, இன்று அதே மதிலுக்குள் ஏறத்தாழ 80 உரிமையாளர்கள் இருக்கிறார்கள். சிலரிடம் இருப்பது சில வரிசைக் கொடிகள் மட்டுமே. மதிலை ஒட்டி நடக்கும்போது ஆங்காங்கே கல்லால் ஆன வளைவு வாசல்களையும், அவற்றின் மேல் பொறிக்கப்பட்ட பெயர்களையும் காண்பீர்கள். அவை அந்தந்தத் துண்டின் உரிமையாளர்களைக் குறிப்பவை. வாசல் திறந்திருந்தாலும் உள்ளே காலெடுத்து வைக்காதீர்கள். படம் எடுப்பதற்காகக் கொடி வரிசைக்குள் இறங்குவது, குலையைத் தொட்டுப் பார்ப்பது, ஒரு பழத்தைப் பறித்து வாயில் போட்டுக்கொள்வது ஆகிய எல்லாமே அங்கே கடுமையான அவமரியாதை. நம் எஸ்டேட்டில் முன்பின் தெரியாத ஒருவர் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே நுழைந்தால் நமக்கு எப்படி இருக்குமோ அப்படித்தான் அவர்களுக்கும் இருக்கும்.

பெருஞ்சாலையிலிருந்து வூஜோ ஊருக்குள் திரும்பி, வீடுகளுக்கு இடையே மேலேறும் வழியைப் பிடித்தால் தோட்டத்தின் வடக்குப் பக்கமாக மாளிகையை அடையலாம். அவசரப்படாமல் நடந்தாலும் அதிக நேரம் ஆகாது. மாளிகைக்குள் செல்லும் முன் இன்னும் சற்று மேலே ஏறுங்கள். மேல் மதிலுக்கு அப்பால் தொடங்குவது ம்யூஸிஞி என்னும் மற்றொரு பெரும்புகழ் பெற்ற தோட்டம். தென்மேற்கே க்ராண்ட் எஷேஸோ இருக்கிறது. மதிலுக்குள்ளும் க்ராண்ட் மோப்பர்த்துயி, கரென் எனத் துண்டுக்குத் துண்டு பழைய பெயர்கள் உண்டு. இவ்வாறு பெயரிட்டு, எல்லையிட்டு, நூற்றாண்டுகளாகக் காத்துவரும் நிலத் துண்டுகளுக்காகவே யுனெஸ்கோ 2015இல் பர்கண்டியின் திராட்சை நிலங்களை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. மேலிருந்து கிழக்கே திரும்பிப் பார்த்தால், துறவிகளின் மடம் இருந்த திசையில் சமவெளி விரிந்து கிடக்கும். சித்தோ அங்கிருந்து சுமார் 12 கிலோமீட்டர்.

மாளிகைக்குள்

மாளிகைக்கு நுழைவுக் கட்டணம் உண்டு. நீங்களாகவே சுற்றிப் பார்க்கலாம். பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் வழிகாட்டியோடு சுற்றும் ஏற்பாடும் உண்டு. திறந்திருக்கும் நேரம் பருவத்துக்குப் பருவம் மாறும். விருந்துகளின் பொருட்டுச் சில நாள்கள் முன்னதாக மூடுவதும் உண்டு என்பதால், அவர்களுடைய இணையதளத்தில் தேதியைச் சரிபார்த்துவிட்டுச் செல்லுங்கள்.

இங்கே அதிக நேரம் ஒதுக்க வேண்டிய இடம் பிழிகூடம். நாற்புறமும் கூரை வேய்ந்து நடுவில் முற்றம் விட்ட அந்தக் கட்டடத்தின் நான்கு மூலைகளிலும் ராட்சத மரப் பிழிபொறிகள் நிற்கின்றன. முழு மரங்களையே நெம்புகோல்களாக வைத்து, மறுமுனையில் உள்ள திருகுத் தண்டை ஆள்கள் சுற்றிச் சுற்றி இறக்கி, அந்த அழுத்தத்தில் சாறு பிழிந்தார்கள். மரச்செக்கைப் பார்த்து வளர்ந்த நமக்கு அதன் இயக்கம் உடனே புரிந்துவிடும். அளவுதான் மலைக்க வைக்கும். ஒவ்வொரு பொறியின் அடியிலும் குனிந்து, சாறு எந்தத் துளை வழியாக எங்கே வழிந்திருக்கும் என்று பின்தொடர்ந்து பாருங்கள். குழந்தைகள் உடன் வந்திருந்தால் அவர்களுக்கு மிகவும் பிடிக்கும் இடம் இதுதான்.

அடுத்தது பழைய கிடங்கு, 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஒயின் கிடங்கு என்றாலே நிலத்தடி அறை என்று நினைப்போம். இது பெருமளவு தரைமட்டத்திலேயே எழுப்பப்பட்டது, கனத்த கல் சுவர்களாலும் சிறிய திறப்புகளாலும் உள்ளே குளுமை காக்கப்பட்டது. சுமார் 2,000 பீப்பாய்கள் இதில் அடங்கும் என்கிறார்கள். மேல்தளத்தில் மடத்தின் உழைப்பாளித் துறவிகள் உறங்கிய நீண்ட கூடமும், அதன் மேல் ஓக் மரச் சட்டங்களால் ஆன கூரையும் இருக்கின்றன; அண்ணாந்து பார்த்து, ஒவ்வொரு சட்டமும் மற்றொன்றை எப்படித் தாங்குகிறது என்று கவனிப்பதற்கு நேரம் கொடுங்கள்.

மாளிகை என்று நாம் குறிப்பிடும் குடியிருப்புப் பகுதி இவற்றுக்கெல்லாம் பிற்பட்டது. 1551இல் மடத்தலைவர் லுவாசியே காலத்தில் கட்டப்பட்டது. இதைப் பற்றி ஒரு கதை உண்டு. வரைபடம் தயாரித்த இளம் துறவி, பெருமிதத்தில் தன் பெயரை அதில் பொறித்துவிட்டாராம். மடத்தலைவர் அந்த வரைபடத்தை வேறு சிலரிடம் கொடுக்க, அவர்கள் அதில் பிழைகளைப் புகுத்தினார்கள். பின்னர் அந்தப் பிழைகளோடேயே கட்டி முடிக்குமாறு துறவிக்கு ஆணையிட்டார். துறவி மனமுடைந்து இறந்துபோனார். உண்மையோ இல்லையோ, கதையைக் கேட்டவர்கள் முற்றத்தில் நின்று எந்த இடத்தில் அமைப்பு பிசகியிருக்கிறது என்று தேடாமல் போவதில்லை. இந்தக் கட்டடம் இன்று ஒயின் தயாரிக்கும் இடமல்ல. 1934இல் தொடங்கப்பட்ட டாஸ்த்வான் வீரர் குழாம் என்னும் பர்கண்டி ஒயின் அன்பர் சங்கம் 1944இல் மாளிகையைப் பெற்று, சீரமைத்து, தன் விருந்துகளையும் சடங்குகளையும் பழைய கிடங்கிலேயே நடத்தி வருகிறது. தோட்டத்தின் ஒயின் தங்களிடம் விளைகிறது என்று மாளிகைக்காரர்கள் சொல்வதில்லை. அது அந்த 80 உரிமையாளர்களுடைய கிடங்குகளில்தான் உருவாகிறது.

சுவைப்பவர்களுக்கும் சுவைக்காதவர்களுக்கும்

சுவைக்க விரும்பினால், உரிமையாளர் ஒருவரின் கிடங்குக்குச் சில வாரங்களுக்கு முன்பே மின்னஞ்சல் எழுதி நேரம் பெறுங்கள். மதிலுக்கு உள்ளேயே கட்டடமும் கிடங்கும் கொண்டிருப்பது ஷத்தோ த லா தூர் என்ற நிறுவனம். தோட்டத்தில் மிகப் பெரிய பங்கும் அதனுடையதே. மற்றவர்களின் கிடங்குகள் சுற்றியுள்ள ஊர்களில் இருக்கின்றன. பெரும்பாலானவை சிறிய குடும்ப நிறுவனங்கள். பகல் 12 மணி முதல் 2 மணி வரை உணவு இடைவேளை. ஞாயிறன்று பொதுவாக யாரும் பார்வையாளரை ஏற்பதில்லை. உள்ளே நுழைந்ததும் முதலில் "பொன்ஜூர்" என்று வணக்கம் சொல்லுங்கள். அதைச் சொல்லாமல் நேராகக் கேள்வியைத் தொடங்குவதை அவர்கள் மரியாதைக் குறைவாகக் கருதுவார்கள். வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு செல்லாதீர்கள்; கிடங்கில் இருக்கும் எல்லோருடைய முகர்வையும் அது கெடுத்துவிடும். மல்லிகைச் சரத்துக்கும் அதே விதி.

கிண்ணத்தில் ஊற்றுவதை முழுவதும் விழுங்க வேண்டிய கட்டாயம் இல்லை. வாயில் வைத்துச் சுவைத்துவிட்டு, அதற்கென வைத்திருக்கும் பாத்திரத்தில் உமிழ்வதே தொழில் செய்பவர்களின் வழக்கம். நம் பார்வைக்கு அது கூச்சமாகத் தோன்றினாலும், அங்கே அது முறையான செயல். மதுவே அருந்தாதவர்கள் "நோன், மெர்சி" என்று சொல்லி மறுத்துவிடலாம். யாரும் வற்புறுத்த மாட்டார்கள். கிண்ணத்தைக் கையில் வாங்கி முகர்ந்து மட்டும் பார்ப்பதற்கும் தடையில்லை. ஒரே ஆண்டின் ஒயினை இரு வேறு துண்டுகளிலிருந்து வைத்திருப்பவரிடம், மேல்பகுதி எது, கீழ்ப்பகுதி எது என்று கேட்டு இரண்டையும் முகர்ந்து பார்த்தால், காலையில் நடந்து கண்ட மண் வேறுபாடு மூக்குக்கும் எட்டும். துண்டு எங்கே இருக்கிறது என்று கேட்பவரை உரிமையாளர்கள் விரும்புகிறார்கள். பலர் சுவரில் மாட்டிய நில வரைபடத்தின் முன் நிறுத்தி விரலால் தொட்டுக் காட்டுவார்கள்.

உணவும் சுற்றுப்புறமும்

வூஜோ மிகச் சிறிய ஊர்; சாப்பாட்டுக்கு அதை மட்டும் நம்பாதீர்கள். ஐந்து கிலோமீட்டர் தெற்கே நுயி சான் ஜார்ஜ் ஊரில் ரொட்டிக் கடைகளும் உணவகங்களும் உண்டு. பர்கண்டிச் சமையலில் மாட்டிறைச்சியும் பன்றி இறைச்சியும் மிகுதி. முட்டை உணவு என்று பட்டியலில் இருப்பதிலும் பன்றி இறைச்சித் துண்டுகள் கலந்திருக்கும் என்பதால், இறைச்சி தவிர்ப்பவர்கள் ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொள்ள வேண்டும். ரொட்டி, பாலாடைக்கட்டி, பழம் வாங்கிக்கொண்டு, சாலையோர மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிடுவது எளிது.

நேரம் மிச்சமிருந்தால், நுயி செல்லும் வழியில் வோன் ரொமனே ஊரில் ரொமனே கோந்தி தோட்டத்தின் தாழ்வான மதிலையும் கற்சிலுவையையும் பார்க்கலாம். இரண்டு ஹெக்டேருக்கும் குறைவான அந்தத் துண்டின் ஓரத்தில், சாலையை விட்டு இறங்க வேண்டாம் என்று பார்வையாளரை வேண்டும் பலகை இருக்கிறது. சித்தோ மடத்தில் இன்றும் துறவிகள் வாழ்கிறார்கள். பாலாடைக்கட்டி செய்து விற்கிறார்கள். கார் இல்லாமல் அங்கே போவது சிரமம்.

புட்டி வாங்குவது

க்ளோ த வூஜோ என்ற பெயர் மட்டும் ஒரு புட்டியின் தரத்துக்கு உத்தரவாதம் ஆகாது. மதிலுக்குள் விளையும் சிவப்பு ஒயின் அனைத்தும், மேலிருந்து வந்தாலும் கீழிருந்து வந்தாலும், க்ராண்ட் க்ரூ என்னும் மிக உயர்ந்த தகுதியையே பெறுகிறது. விலையும் அதற்கேற்ப உயரமாகவே இருக்கும். எனவே தயாரிப்பாளரின் பெயரைப் பாருங்கள். துண்டு எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். எந்த ஆண்டு விளைச்சல் என்றும் பாருங்கள். கீழ்ப்பகுதியில் நிலம் வைத்திருந்தும் அக்கறையோடு கவாத்து செய்து, குறைந்த விளைச்சலோடு நிறைவடைபவரின் ஒயின், மேல்பகுதியில் அசட்டையாக இருப்பவரின் ஒயினைவிடச் சிறந்திருக்கும். இளம் புட்டி திறந்தவுடன் கடினமாகவே இருக்கும். பத்தாண்டுகளுக்கு மேல் காத்திருந்து திறப்பதே அங்குள்ளவர்களின் வழக்கம். சேலத்துக் கோடையில், குளிர்சாதனம் இல்லாத அலமாரியில் அத்தனை ஆண்டுகள் வைத்தால் அது கெட்டுவிடும். வெயில் படாத, ஆண்டு முழுவதும் வெப்பம் அதிகம் மாறாத இடம் உங்களிடம் இல்லையென்றால், பெரும்புகழ் பெற்ற தோட்டத்தின் புட்டியை விட்டுவிட்டு, வூஜோ ஊர்ப் பெயரிலேயே வரும் எளிய ஒயினில் ஒன்றை அங்கேயே இரவு உணவோடு அருந்திவிடுவது மேலானது.

அன்பளிப்பாகக் கொண்டுவருவதாக இருந்தால், இந்தியச் சுங்க விதிகளின்படி வயது வந்த பயணி ஒருவர் 2 லிட்டர் வரை மதுவைத் தீர்வையின்றிக் கொண்டுவரலாம். 750 மில்லி புட்டிகளில் அது இரண்டு. கைப்பையில் வைத்தால் பாரிஸ் பாதுகாப்புச் சோதனையிலேயே எடுத்துவிடுவார்கள் என்பதால், பெட்டியின் நடுவில், நாலாபுறமும் துணி சுற்றி வையுங்கள். கடை ரசீதைத் தனியாகக் கைப்பையில் வைத்திருங்கள். கூடுதல் புட்டி இருந்தால் பெங்களூரில் சிவப்பு வழியில் சென்று அறிவித்துத் தீர்வை செலுத்துங்கள்.